நாலாம் நம்பர் மணி

இல்ல தம்பி, நீங்க பாட்டுக்கு ஸ்க்ரூவக் கழட்டுங்க, நான் ஒண்ணும் பேசல. சும்மா நிக்கிறேன். அதுவும் நானா வந்து நிக்கல, முதலாளி நிக்கச் சொன்னாரு. இருசப்பா, கேட்டை வேற எவனாவது பாத்துக்குவான், நீ போயி அந்த கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் பக்கத்துல நில்லு, அவன் கை எங்க போவுது, எங்க வருதுன்னு கண்ணெடுக்காம பாருன்னாரு. செருப்பை வெளிய கழட்டிட்டேன், காலைக்கூட கழுவிட்டுத்தான் வந்தேன். இந்த ரூம்புக்குள்ள வர்றது கோயிலுக்குள்ள வர்ற மாதிரி ஆயிப்போச்சு. எங்க குருசுக்குப்பத்து அம்மனுக்கு ஒரு ஃபேன்கூட கெடையாது, இந்தப் பொட்டிக்கு ஏசி.

கோவமா? கோவப்படாதீங்க தம்பி. வாட்ச்மேன்னா சந்தேகப்படணும், அதுக்குத்தான் காக்கிச் சட்டை குடுத்திருக்காங்க. இந்த எறா கம்பெனியில சாயங்காலம் சங்கு ஊதுனா, வெளிய போற ஒவ்வொரு பையும் என் கையில ஏறி எறங்கித்தான் போவணும். எறா உரிக்கிற பொம்பளைங்கள லேசுன்னு நெனச்சிடாதீங்க. சின்னப்பொண்ணுன்னு ஒருத்தி இருந்தா. கொண்டையில தெனம் பெருசா பூ வச்சிக்கினு போவா. ஒரு நாள் நானும் பாத்துக்கினே நிக்கிறேன், அந்தப் பூ மீசைய ஆட்டுது. என்னாடின்னு தொட்டுப் பாத்தா, சிங்கி எறா. உசுரோட. என் வெரலைப் புடிச்சிக்கிச்சு, உட மாட்டேங்குது. அப்பால அதோட பேசி, சமாதானம் பண்ணி... சரி, நீங்க நம்ப வேணாம். வெரலைப் பாருங்க, தழும்பு இருக்குதா இல்லையா?

அதனால, உங்க பையக் கேட்டுல கொட்டிப் பாத்ததுக்கு மனசுல வச்சிக்காதீங்க. எல்லாரு பையையும் பாப்பேன். என் சொந்தப் பொண்ணு பையையே பாப்பேன், மத்தவங்க வாய் பேசுவாங்க பாருங்க. என்னா இருக்கும் அவ பையில? டிபன் பாக்ஸு, சீப்பு, கர்ச்சீப்பு. இந்த மாசம் புதுசா ஒரு கியூடெக்ஸ் பாட்டிலு. எங்க அக்கா மவ ஒருத்தி, மணியம்மான்னு, பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா ஒருத்தனைக் கட்டிக்கினு பாரீசுக்குப் போனவ, அங்கேருந்து சோப்பு, சாக்லெட்டோட அனுப்பி உட்டா. வெங்காயக் கலரு. பாண்டி முழுக்கத் தேடுனாலும் அந்தக் கலரு கெடைக்காதாம். கெடைக்காத பொருளை ஏம்மா ஆபீசுக்குத் தூக்கிக்கினு வர்றேன்னா, சும்மாத்தான்பாங்கிறா. பாட்டில் தொறந்திருக்கு, நெகத்துல ஒண்ணத்தையும் காணோம். சரி, பொம்பளைப் புள்ளை சமாச்சாரம், நமக்கென்னான்னு மூடிக் குடுத்துட்டேன்.

ஆங்? ஆதிலட்சுமி எங்கன்னா கேக்குறீங்க? எடை ஷெட்டுக்குப் போயிருக்கா. வந்ததுலேருந்து மூணாந்தபா கேக்குறீங்க. சும்மாதானா? சரி, சும்மாத்தான் கேளுங்க.

அவ என் பொண்ணுதான், தெரியும்தானே? கடைக்குட்டி. டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, இந்தப் பொட்டியக் கத்துக்கினு, வேலைக்கு வந்தா. அவ வந்த அப்பாலதான் எனக்கே இந்தக் கேட்டு வேலை கெடைச்சுது. எல்லாரு வூட்டுலயும் அப்பன் சிபாரிசுல புள்ளைக்கு வேலை, எங்க வூட்டுல திருப்பிப் போட்டுக்கோங்க. காலையில முதலாளி ஜானகிராமன் என்னாச் சொன்னாரு தெரியுமா? இந்தப் பொட்டிகிட்ட உக்கார்றது ஒம் பொண்ணு ஒருத்திதான். இன்னொரு தபா இது நின்னுதுன்னா, அவளை நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லிடுவேன்னாரு. ஜப்பான்காரன் டெலக்சுல ஆர்டர் அனுப்பியிருக்கான், பொட்டி பாதியிலயே செத்துப் போச்சு, ஆர்டரு காத்தோட பூடுச்சு. ஒரு லோடு எறா ஐசுல கெடந்து, நாத்தம் கொடலைப் புடுங்குது. அவரு கோவத்துல ஞாயம் இருக்குது.

நீங்க வேலையப் பாருங்க. அந்த மூடியப் பாத்து வையுங்க.

மொதத் தபா நீங்க வந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. அப்ப நான் இதே ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கினு இருந்தேன். எடை மெஷின்லேருந்து ஒயரு வந்து சொருவுற கார்டு ஒண்ணு ஏற்கெனவே உள்ள இருந்துது. டெலக்ஸ் கார்டை நீங்க புதுசா மாட்டுனீங்க. மாட்டுன அன்னிக்கே பொட்டி மாடு மாதிரி முழிக்குது. எடை போட்டா டெலக்ஸ் வர மாட்டேங்குது, டெலக்ஸ் வந்தா எடை நிக்குது, ரெண்டும் ஒண்ணா வந்தா மொத்தமும் நின்னுடுது. நீங்க தலையச் சொறிஞ்சிக்கினு, அப்பால சிரிச்சிக்கினு, ஆதிலட்சுமியக் கூப்புட்டு வெளக்கிச் சொன்னீங்க. ஜன்னல் தொறந்துதான் இருந்துது.

இந்தா பாருங்க மேடம், ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு மணி நம்பர் இருக்குது. எடை வந்துட்டா அந்தக் கார்டு மணி அடிச்சி மெஷினைக் கூப்புடும். டெலக்ஸ் வந்துட்டா இந்தக் கார்டு கூப்புடும். மெஷினு நம்பரை வச்சித்தான் யாரு கூப்புடுறாங்கன்னு கண்டுபுடிக்குது. இப்ப ரெண்டும் நாலாம் நம்பர்லயே கம்பெனியிலேருந்து வந்திருக்கு. அதுக்குப் பைத்தியம் புடிக்காம என்னா பண்ணும்? புதுசா எதையும் மாட்டுறதுக்கு முன்னாடி, எந்த நம்பர்ல எவன் உக்காந்திருக்கான்னு கேட்டுக்கணும். முன்னாடியே இருக்கிறவனை எழுப்பக் கூடாது, புதுசா வர்றவன்தான் காலி இடமாப் பாத்துத் தள்ளி உக்காரணும். மூணு காலியா இருக்குதுன்னு சொல்லி, அந்தக் கறுப்பு மூடி, எறும்பு தலை அளவுக்கு, ஜம்பரா அதுக்குப் பேரு, அதை நாலாம் ஊசியிலேருந்து புடுங்கி மூணாம் ஊசியில சொருவுனீங்க. அதோட நிக்காம, அவ கையிலயும் குடுத்து, நீங்களும் ஒரு தபா மாட்டிப் பாருங்க மேடம்னீங்க. அவளும் மாட்டுனா, கழட்டுனா, மாட்டுனா. ரொம்ப நேரம் மாட்டுனா.

எனக்கு அது புரிஞ்சுது தம்பி. படிச்சிப் புரிஞ்சிக்கல, பட்டுப் புரிஞ்சிக்கினது. நான் வெள்ளக்காரன் காலத்துல துய்மா வீதியில ஒரு நொத்தேர் பங்களாவுல வேலை செஞ்சவன். சொத்து பத்திரம், உயிலு எல்லாம் எழுதித் தர்ற வெள்ளக்காரரு. மூஸ்யே புருனேன்னு பேரு. சமையக்கட்டுச் செவுத்துல ஒரு கண்ணாடிப் பலகை இருக்கும். ரூம்புக்கு ஒரு நம்பரு. அவங்க மணிய அமுத்துனா இங்க அடிக்கும், அந்த நம்பர்ல இருக்கிற தகடு தொப்புனு உழும். அதைப் பாத்துக்கினு நான் ஓடணும். மதாம் ரூம்பு ரெண்டு, சாப்பாட்டு ரூம்பு மூணு, மூஸ்யே உக்காந்து பத்திரம் எழுதுற கச்சேரி ரூம்பு நாலு.

அவரு மாமியார் கப்பல்ல வந்து எறங்குச்சு. ஆறு மாசம் இருக்கப் போவுதாம். அதுக்கு மாடியில ஒரு ரூம்பு, அதுக்கு ஒரு மணி. ஒயர்மேன் பக்கிரி வந்தான். பலகையில எடம் இருக்குதா இல்லையான்னு பாக்காம, கெழவி ஒயரைக் கொண்டாந்து நாலாம் நம்பர்ல முடிச்சிட்டுப் பூட்டான். அப்பால என் கதிய நீங்க கேக்கணும். நாலு உழுது. மூஸ்யேகிட்ட ஓடுறேன். நான் கூப்புடலையேங்கிறாரு. திரும்பி வந்தா நாலு மறுபடி உழுது. மறுபடி ஓடுறேன். பைத்தியமாங்கிறாரு. மாடியில கெழவி மணிய அமுத்துன வெரலை எடுக்கவே இல்ல. ஒயரு சூடேறி, செவுத்துல இருந்த பல்லிங்க எல்லாம் காலு சுட்டு வரிசையாக் குதிச்சுதுங்க. சிரிக்காதீங்க, கையில ஸ்க்ரூ இருக்குது.

ஒரு நாள் நானே ஒரு கணக்குப் போட்டேன். ஒரு தபா இவருக்கு, ஒரு தபா கெழவிக்கின்னு மாத்தி மாத்திப் போவோம்னு. அதுதான் வெனை. காரைக்கால்லேருந்து ஒரு மிராசு வந்து, நொத்தேர் எதிர்ல உக்காந்து உயில் எழுதிக்கினு இருக்காரு. நாலு உழுந்துது. கெழவிக்கு வச்சிருந்த வெந்நீர் பேசினு, கால் வலித் தைலம், எல்லாத்தையும் தூக்கிக்கினு நேரா கச்சேரி ரூம்புக்குள்ள போயி, குனிஞ்சி மூஸ்யே காலைத் தூக்கி, காலுறையக் கழட்டி, தைலத்தத் தேய்க்க ஆரம்பிச்சேன். மிராசு பாத்தாரு. உயில் எழுதுறவருக்கே காலு இழுத்துக்கிச்சு, நமக்கு எதுக்கு இன்னிக்கின்னு எழுந்து ஓடிட்டாரு. மாடியில, மூஸ்யேவுக்கு வச்சிருந்த பிராந்தி கெழவிக்குப் போச்சு. மொத நாள் திட்டுச்சு. அடுத்த நாள் திட்டல. அதுக்கு அடுத்த நாள் பாட்டு பாடுச்சு. அந்தப் பாட்டுச் சத்தம் தாங்காம மதாமே கப்பலுக்குச் சீட்டு எடுத்துக் குடுத்து அம்மாவை அனுப்பிட்டாங்க.

இப்பத்தான் தம்பி விசயமே இருக்குது. கொஞ்ச நாள் கழிச்சி ஒயர்மேன் பக்கிரி சாராயக் கடையில ஒளறுனான். பலகையில அஞ்சாம் நம்பரு காலியாத்தான் இருந்துதாம். கெழவி ஒயரை நாலுல சேருடான்னு சொன்னதே மூஸ்யேதானாம்! மாமியாரைக் கெளப்பணும், வாயால சொல்ல முடியாது. மணிய வச்சிச் சொல்லிட்டாரு.

அன்னையிலேருந்து எனக்கு ஒண்ணு மனசுல நின்னு பூடுச்சு. ரெண்டு பேரு ஒரே நம்பர்ல சேந்திருந்தா, மொதத் தபா அது கவனக்கொறைவு. மறுபடி சேந்திருந்தா, எவனுக்கோ அதுல காரியம் இருக்குது.

அதான் கேக்குறேன். ரெண்டாந்தபா பொட்டி நின்னு, நீங்க மெட்ராசுலேருந்து பஸ் ஏறி வந்தீங்களே, உள்ள பாத்துட்டு முதலாளிகிட்ட என்னாச் சொன்னீங்க? கடக்கரை ஊரு சார், உப்புக் காத்து, ஜம்பர் லூசாகிக் கழண்டுடுச்சுன்னீங்க. நான் டீ கொண்டாந்து வச்சிக்கினே கேட்டேன், ஜம்பரு நாலாம் ஊசியில உக்காந்திருந்ததையும் பாத்தேன். கடக்கரையிலயே பொறந்து வளந்தவன் தம்பி நான். உப்புக் காத்து இரும்பைத் தின்னும், ஆணியத் தின்னும். கழண்டா அந்த மூடி கீழ உழுந்து கெடக்கணும். மூணாம் ஊசியிலேருந்து எறங்கி, நடந்து போயி, நாலாம் ஊசியில ஏறி உக்காருமா? அதுக்கென்னா காலா இருக்குது?

அப்பவே எனக்கு உங்க மேல சந்தேகம். ஆமா, மூஞ்சிக்கு நேராச் சொல்றேன். இவன் போவும்போதே மாத்தி வச்சிட்டுப் போறான், மறுபடி கூப்புடட்டும்னு. முதலாளி வேற மாதிரி நெனச்சாரு, போட்டிக் கம்பெனிக்காரன் உங்களைக் கையில போட்டுக்கினான்னு. நான் அப்படி நெனைக்கல. எறா கம்பெனியக் கவுக்க வர்றவன் பவுடர் போட்டுக்கினு வர மாட்டான். மொதத் தபா அழுக்குச் சட்டையில வந்தீங்க. ரெண்டாந்தபா இஸ்திரி. மூணாந்தபா சென்ட்டு. எறா நாத்தத்தையும் தாண்டி கேட்டுல நிக்கிறவனுக்கு வாசம் வருதுன்னா பாருங்களேன்.

மூணாந்தபா வந்தப்ப ஒரு வேலை செஞ்சீங்க. சின்ன பாட்டில்லேருந்து ரத்தச் செவப்பா ஒரு பொட்டு எடுத்து அந்த ஜம்பர் மேல வச்சி ஒட்டிட்டீங்க. இனிமே எவனாவது அசைச்சா இது ஒடையும், காட்டிக் குடுத்துடும்னீங்க. ஆயுத பூசையன்னிக்கி மூடியத் தொறந்து தூசி தட்டுனப்ப முதலாளி அதைப் பாத்துட்டு, உள்ளயே குங்குமம் வச்சிருக்கான்டா, பக்தியுள்ள பையன்னு கன்னத்துல போட்டுக்கினாரு. அன்னிக்கி அது மூணுலதான் இருந்துது, என் கண்ணால பாத்தேன். பூசை முடிஞ்சி ஒரு வாரம், இந்தா இப்ப பொட்டி மறுபடி நின்னுது. நீங்க அன்னிக்கி மெட்ராசுல. உங்க கை அவ்வளவு நீளம் கெடையாது. அதோட உங்க மேல இருந்த சந்தேகத்துல பாதி பூடுச்சு.

பாதிதான். மீதி இருக்குது, சொல்றேன்.

நடுவுல ஒரு விசயம். ஆடித் தேருக்கு நான் வீராம்பட்டினம் வந்திருந்தேன். சாமி கும்புடத்தான். கும்புட்டுட்டு, மெட்ராசுல கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ற ராமதாஸ் வூடு எதுன்னு விசாரிச்சேன். உங்கம்மா குஞ்சம்மா மீன் கூடைய எறக்கிக்கினு இருந்தாங்க. தாவத்துக்குத் தண்ணி கேட்டேன், மோரா குடுத்தாங்க. யாரு நீங்கன்னாங்க. வழிப்போக்கன்னேன். எம் மவன் முன்னயெல்லாம் தீவாளிக்கித்தான் ஊருக்கு வருவான், இப்ப ஏதோ எறா கம்பெனியில மெஷினு அடிக்கடி ரிப்பேராவுதாம், அந்த மவராசன் கம்பெனி நல்லா இருக்கட்டும், எம் புள்ளை மூஞ்சியப் பாக்குறேன்னாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல, மோரு மூக்குல ஏறிடுச்சு.

சரி, மூடியத் தொறந்துட்டீங்களா? பாருங்க. என்னா நம்பர்ல இருக்குது? நாலு. எனக்குத் தெரியும். மேல பொட்டு இருக்குதா? இருக்குதா! அப்ப சீலு ஒடையல, அப்படித்தானே? என்னா கலரு? செவப்பா? நல்லாப் பாருங்க. டார்ச்சு வேணுமா, இந்தாங்க.

டார்ச்சை ஏன் அணைச்சிட்டீங்க?

வெங்காயக் கலரு.

முந்தா நேத்து சாயங்காலம் அவ பையில டிபன் பாக்சுக்கு அடியில ஒரு ஸ்க்ரூ டிரைவரு கெடந்துது தம்பி. நட்சத்திர மொனை வச்சது, உங்க கையில இருக்கிற இதே மாதிரி. என்னாம்மா இதுன்னேன். டிபன் பாக்ஸ் கைப்பிடி லூசுப்பான்னா. எனக்குப் பொறந்தவ பாருங்க, பொய் வாயில ரெடியா இருக்குது. ஆனா என்னோட பல்லிக் கதை மாதிரி அழகாச் சொல்லத் தெரியல. எறா திருட்டைப் புடிக்கிறவன், சொந்தப் பொண்ணு பையில இதைப் புடிச்சி, மூடி, கையில குடுத்து, போம்மா பஸ்சு வந்துடும்னேன். வேற என்னா செய்ய?

உங்க மேல மீதிச் சந்தேகம் இதுதான். அவ மாத்துறது உங்களுக்கு ரெண்டாந்தபாவே தெரியும். ஜம்பரு நடக்காதுன்னு இந்தக் கெழவனுக்கே தெரியுது, நம்பர் பாத்து மாட்டுறதையே தொழிலா வச்சிருக்கிற உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சிக்கினேதான் உப்புக் காத்துன்னு பழியத் தூக்கிக் கடல் மேல போட்டீங்க. அவளைக் காட்டிக் குடுக்கல. அதுக்கோசரம்தான் நான் இன்னிக்கி உங்ககிட்ட நின்னு பேசுறேன். இல்லன்னா முதலாளிகிட்ட நின்னு பேசிக்கினு இருப்பேன்.

தலையக் குனியாதீங்க. நேரம் இல்ல. அவரு பேங்குக்குப் போயிருக்காரு, வர்ற நேரம்தான். அந்த வெங்காயக் கலரைச் சொரண்டிடுங்க, மூணுல மாட்டுங்க, உங்க செவப்பை மேல வையுங்க. அவரு வந்து பாத்துக் கன்னத்துல போட்டுக்கட்டும். உப்புக் காத்துன்னு இன்னொரு தபா சொல்லாதீங்க, வேற எதையாவது சொல்லுங்க. வோல்டேஜுன்னு சொல்லுங்க, அதை இந்த ஊர்ல எல்லாரும் நம்புவாங்க. இதோட இது நிக்கக் கூடாது. நின்னா எம் பொண்ணு வேலை பூடும், அவ வேலையோட என் காக்கிச் சட்டையும் பூடும்.

அவகிட்டயா? நான் சொல்லிக்கிறேன். இனிமே அவருக்கு மணி அடிக்க வேணாம்மா, அவரே வருவாருன்னு.

வருவீங்கல்ல? ஞாயித்துக்கெழம. உங்கம்மாவையும் அழைச்சிக்கினு. குருசுக்குப்பத்துல எம் பொண்டாட்டி பேரைச் சொல்லி, பச்சையம்மா வூடுன்னா யாரும் காட்டுவாங்க, எம் பேரைச் சொல்லிக் கேக்காதீங்க, கதை சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. மோரு குடுத்த கைக்கு நான் பதில் மோரு குடுக்கணும். ஸ்க்ரூ டிரைவரு கொண்டாராதீங்க.

என்னா தம்பி, கையப் பாக்காம ஜன்னலையே பாக்குறீங்க? ஸ்க்ரூ உழுந்து உருண்டு பூடுச்சு பாருங்க. உடுங்க, நீங்க குனியாதீங்க. அதோ, எடை ஷெட்டுலேருந்து அவளே வர்றா. அவ எடுப்பா. இந்த ரூம்புல ஸ்க்ரூ உழுந்தா எந்த மூலைக்கு உருளும்னு அவளுக்குத்தான் தெரியும்.